கடைசியில் சீட்டெடுக்கும் டீலர்

உங்கள் முன்னால் ஒரு பத்தும் ஒரு ஆறும் கிடக்கின்றன. கூட்டினால் 16. சூதாட்ட விடுதிக்காகச் சீட்டுப் போடும் டீலர் பக்கம் மல்லாந்து கிடப்பது ராஜா. அவருடைய இன்னொரு சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது. அது ஏஸ் இல்லை என்று மட்டும் நுனியைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துவிட்டார். இப்போது மேசையே உங்களைப் பார்க்கிறது. இன்னொரு சீட்டு கேட்பதா, போதும் என்று நிற்பதா?

பிளாக்ஜாக் என்ற இந்தச் சீட்டாட்டத்தில் இதைவிட மோசமான கை கிடையாது. கேட்டால், ஆறும் அதற்கு மேற்பட்ட எதுவும் வந்தால் 21-ஐத் தாண்டிவிடும். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா என்று பதின்மூன்று வகைச் சீட்டில் எட்டு வகை உங்களுக்கு எமன். 62 சதவீதம் அங்கேயே கதை முடிந்தது. நின்றாலோ, டீலர் 21-ஐத் தாண்டினால்தான் உங்களுக்குப் பிழைப்பு. பத்து மதிப்புள்ள சீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும் டீலர் அப்படித் தாண்டுவது ஐந்து தடவையில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எதைச் செய்தாலும் 100 ரூபாய் பந்தயத்துக்குச் சராசரியாக 54 ரூபாய் போகும். இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ரூபாய்கூட இல்லை. கேட்பது இழையளவு மேல். சில மேசைகளில் சரண்டர் என்று ஒன்று உண்டு: பாதிப் பந்தயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துகொள்ளலாம். 54 போவதற்கு 50 போவது லாபம் என்பதால், அது இருக்கிற இடத்தில் இந்தக் கையைச் சரண்டர் செய்வதுதான் சரி.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் இப்படிப் பைசா வரைக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் யார், அதற்குச் சூதாட்ட விடுதிகள் என்ன பதில் சொன்னார்கள் என்பது சீட்டாட்டத்தைவிடச் சுவாரசியமான கதை.

முதலில் விதி. 2 முதல் 10 வரை அதனதன் மதிப்பு. படச்சீட்டுகள் மூன்றும் பத்து. ஏஸ் ஒன்றாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். இஸ்பேட், கிளாவர் எல்லாம் இங்கே செல்லாது, எண் மட்டும்தான். 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் பந்தயம் கட்டிய அளவு கிடைக்கும். சமம் என்றால் பணம் திரும்ப வரும், அதற்குப் பெயர் புஷ். தாண்டினால் பஸ்ட். முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்தும் என்றால் அதுதான் பிளாக்ஜாக்; அதற்கு மட்டும் ஒன்றரை மடங்கு. ஏறக்குறைய 21 கைக்கு ஒரு தடவை அது வரும். ஐரோப்பாவில் இதன் மூத்த வடிவங்களுக்கு இருபத்தொன்று என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் வேந்த்-எ-அன் என்பதும் அதே எண்ணைத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் எதிரி இல்லை. ரம்மி மாதிரி ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போவதில்லை. ஏழு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஏழும் தனித்தனி ஆட்டம், எல்லோருக்கும் எதிரி டீலர். அந்த டீலருக்கோ சொந்த மூளையைப் பயன்படுத்த அனுமதி இல்லை. 16 வரைக்கும் எடுத்தே ஆகவேண்டும், 17 ஆனதும் நிறுத்தியே ஆகவேண்டும். உங்களிடம் 18 இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அவரிடம் 17 இருந்தால் அப்படியே தோற்றுப்போக வேண்டியதுதான்.

மேசை நடைமுறையிலும் இதே கறார்தான். சீட்டு வேண்டுமென்றால் மேசைத் துணியை விரலால் தட்ட வேண்டும். போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்துக் குறுக்கே அசைக்க வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது, தலைக்கு மேலே இருக்கும் கேமராவுக்குக் கைதான் சாட்சி. பணத்தை டீலர் கையில் நீட்டினால் வாங்க மாட்டார். துணி மேல் வைக்கச் சொல்வார். வேலை முடிந்து எழுந்து போகும்போது இரண்டு கைகளையும் ஒரு தட்டுத் தட்டி, விரித்துக் காட்டிவிட்டுப் போவார். கையில் எதுவும் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்று மேலே இருக்கிற கண்ணுக்குக் காட்டுகிறார்.

சரி, இவ்வளவு கட்டுப்பாடு டீலருக்கு, இவ்வளவு சுதந்திரம் ஆட்டக்காரருக்கு. அப்புறம் விடுதி எப்படிச் சம்பாதிக்கிறது?

வரிசைதான் காரணம். நீங்கள் முதலில் ஆட வேண்டும், டீலர் கடைசியில் ஆடுவார். நீங்கள் பஸ்ட் ஆன அந்த நிமிடமே பணத்துக்குப் பதிலாக நீங்கள் வைத்த சிப்ஸ் வில்லைகளை அள்ளிவிடுவார்கள். அதன் பிறகு டீலரும் 26 எடுத்துப் பஸ்ட் ஆனால் அது உங்களுக்கு ஆகாது. இரண்டு பேரும் தாண்டிவிட்டோமே, புஷ்தானே என்று கேட்க முடியாது. இந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் பணம் ஒழுகுகிறது.

எவ்வளவு ஒழுகும் என்று பார்க்க ஒரு சோதனை. நீங்களும் டீலர் மாதிரியே 16 வரை எடுத்து, 17-இல் நிறுத்தி ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டீலர் 100 கையில் சுமார் 28 தடவை பஸ்ட் ஆவார். நீங்களும் 28 தடவை. இரண்டு பேரும் ஒரே கையில் பஸ்ட் ஆவது 28 சதவீதத்தில் 28 சதவீதம், ஏறக்குறைய 8 தடவை. அந்த 8-உம் விடுதிக்கு. பிளாக்ஜாக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அரை மடங்கில் இரண்டேகால் போல உங்களுக்குத் திரும்பி வரும். மிச்சம் ஐந்தரை. அதாவது டீலரைப் பார்த்துக் காப்பியடிப்பவருக்கு 100 ரூபாய்க்கு ஐந்தரை ரூபாய் நட்டம். இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்க ரூலெட் சக்கரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் பிடுங்குகிறது.

ஆனால் உங்களுக்கு மூளையைப் பயன்படுத்த அனுமதி உண்டே. அதை முழுக்கச் சரியாகப் பயன்படுத்தினால் இந்த ஐந்தரை, அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். 100 ரூபாய்க்கு 50 பைசா. சூதாட்ட விடுதியில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஆட்டம் அபூர்வம்.

இதைக் கண்டுபிடித்தது சூதாடிகள் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர். மேரிலாந்தில் அபர்டீன் என்ற இடத்தில் ராணுவத்தின் ஆயுதச் சோதனைத் தளம் ஒன்று இருக்கிறது. 1950-களில் ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டர்மட் ஆகிய நால்வரும் அங்கே பணியில் இருந்தார்கள். எல்லோரும் கணிதம் தெரிந்தவர்கள். பாசறையில் சீட்டாடும்போது, லாஸ் வேகஸில் டீலர் 17-இல் நின்றே ஆகவேண்டும் என்ற விதி பேச்சில் வந்தது. பால்ட்வினுக்குப் பொறி தட்டியது. எதிரி என்ன செய்வான் என்பது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது என்றால், ஒவ்வொரு நிலைக்கும் சரியான பதில் ஒன்று இருந்தே ஆகவேண்டும் அல்லவா? மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டுபோலக் கூட்டிப் பெருக்கினார்கள். 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் முடிவு வெளியானது. பிற்காலத்தில் கணினியில் சரிபார்த்தபோது அவர்கள் போட்ட அட்டவணை ஏறக்குறைய அப்படியே நின்றது. இன்று அடிப்படை உத்தி என்று சொல்லப்படும் அட்டவணைக்கு வேர் இதுதான். பின்னாளில் இவர்களுக்கு அபர்டீனின் நான்கு குதிரை வீரர்கள் என்று பட்டப்பெயரும் வந்தது.

அந்த அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன் அதன் தர்க்கம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. டீலர் காட்டும் சீட்டைப் பாருங்கள். 2 முதல் 6 வரை என்றால் அவர் பலவீனமாக இருக்கிறார். 35 முதல் 42 சதவீதம் வரை பஸ்ட் ஆவார். ஐந்தும் ஆறும் அவருக்கு மிக மோசம். ஏழு வந்துவிட்டால் அது 26-க்கு விழுந்துவிடும், அதற்கப்புறம் இறங்குமுகம். ஆகவே டீலர் 6 காட்டும்போது உங்களிடம் வெறும் 12 இருந்தாலும் அசையக் கூடாது. வீட்டில் சீட்டாடிப் பழகியவர்களுக்கு இதுதான் ரொம்ப உறுத்தும். பன்னிரண்டை வைத்துக்கொண்டு சும்மா உட்காருவதா என்று கை துடிக்கும். ஆனால் இந்த ஆட்டத்தின் குறி 21-க்குப் பக்கத்தில் போவதில்லை. டீலர் விழும் வரை நாம் விழாமல் இருப்பதுதான். 12-க்கு எதிரே 6 என்பது அப்போதும் நட்டக் கைதான். நின்றால் நட்டம் குறைவு, அவ்வளவே.

இரண்டு எட்டு வந்தால் பிரித்துவிட வேண்டும் என்பதிலும் இதே கதை. கூட்டினால் அந்தப் பாழாய்ப்போன 16. பிரித்தால் எட்டில் தொடங்கும் இரண்டு கை. டீலர் பத்தைக் காட்டும்போது இப்படிப் பிரிக்க இன்னொரு பந்தயமும் வைக்க வேண்டும், மனசு வராது. பிரிப்பதால் ஜெயித்துவிடுவோம் என்றும் இல்லை. 54 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 50-க்குள் போகும். அடிப்படை உத்தியில் பாதிக்கு மேல் இந்த மாதிரி நட்டத்தைக் குறைக்கும் வேலைதான். மீதி, நல்ல நேரத்தில் பந்தயத்தை ஏற்றும் வேலை: 11 வைத்திருக்கும்போது டீலர் பலவீனமாக இருந்தால் பந்தயத்தை இரட்டித்து டபுள் செய்வது, இரண்டு ஏஸ் வந்தால் பிரிப்பது. இரண்டு பத்தைப் பிரிக்கிறவரை மட்டும் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். 20 என்பது கையில் வந்த பழம். அதை நறுக்கி இரண்டு காயாக்குவானேன்?

இன்சூரன்ஸ் என்று ஒன்று உண்டு. டீலர் ஏஸ் காட்டினால், அடியில் பத்து இருந்து பிளாக்ஜாக் ஆகிவிடுமோ என்று பயந்து பாதிப் பந்தயம் தனியாகக் கட்டலாம். பத்து இருந்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். பெயர்தான் காப்பீடு. பதின்மூன்றில் நான்கு வகைதான் பத்து மதிப்பு. 13 தடவை 100 ரூபாய் கட்டினால் நான்கு தடவை 200 வரும், ஒன்பது தடவை 100 போகும். வரவு 800, செலவு 900. உங்களிடமே பிளாக்ஜாக் இருக்கும்போது டீலர் வேறு விதமாகக் கேட்பார்: சமப்பணம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று. 1,000 ரூபாய் பந்தயத்துக்கு 1,000 நிச்சயம். மறுத்தால் டீலருக்கும் பிளாக்ஜாக் வந்து ஒன்றுமில்லாமல் போகலாம். ஆனால் 13-இல் 9 தடவை 1,500 கிடைக்கும், சராசரி 1,038. நிச்சயத்துக்கு ஆசைப்பட்டால் 38 ரூபாய் விடுதிக்குத் தட்சணை.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வரிசையில் கடைசி இருக்கையில் இருப்பவர் தப்பாகச் சீட்டுக் கேட்டு, டீலருக்கு வரவேண்டிய பத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்று மேசை முழுக்க அவரை முறைக்கும். வரப்போகும் சீட்டு எது என்று யாருக்கும் தெரியாத வரைக்கும் அவர் கெடுப்பதற்கும் காப்பாற்றுவதற்கும் வாய்ப்பு சமம். காப்பாற்றியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இனி எட்வர்ட் தார்ப். 1958 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்த இளம் கணிதப் பேராசிரியர் மனைவியோடு லாஸ் வேகஸ் போனார். நால்வர் போட்ட உத்தியை ஒரு சின்ன அட்டையில் எழுதி எடுத்துப் போய், பத்து வெள்ளி டாலருடன் உட்கார்ந்தார். எட்டரை டாலர் போனது. போனால் போகட்டும் என்று விடாமல், வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அடிப்படை உத்தி ஒவ்வொரு கையையும் புதுக் கட்டிலிருந்து வந்தது போலவே பார்க்கிறது. ஆனால் நிஜத்தில் ஒரு கை முடிந்ததும் அந்தச் சீட்டுகள் ஓரம் போகின்றன, அடுத்த கை மிச்சத்திலிருந்து வருகிறது. மிச்சம் மாறினால் வாய்ப்பும் மாற வேண்டுமே?

முந்நூற்று நாலு சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எத்தனை ஜாக்கி இறங்கியாச்சு, ஒன்பது இன்னும் யார் கையில் இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ரூலெட்டில் அது முடியாது. போன தடவை சிவப்பு வந்தது என்பது சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை. சீட்டுக்கட்டுக்கு ஞாபகம் உண்டு. நான்கு ஏஸும் போய்விட்ட ஒற்றைக் கட்டில் மறுபடி கலைக்கும் வரை யாருக்கும் பிளாக்ஜாக் வராது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த தார்ப், அங்கே இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் இதைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணாகக் கட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று கணக்கிட்டார். மிகப் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது ஏஸ் இல்லை, ராஜா இல்லை, ஐந்து. நான்கு ஐந்தையும் எடுத்துவிட்டால் ஆட்டம் 3 சதவீதத்துக்கும் மேல் ஆட்டக்காரர் பக்கம் சாய்ந்தது. காரணம் அழகானது. டீலர் கட்டாயமாகச் சீட்டெடுக்க வேண்டிய ஆபத்தான நிலைகள் 12, 13, 14, 15, 16. இவற்றில் எதனோடு ஐந்தைக் கூட்டினாலும் 17, 18, 19, 20, 21. எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் டீலரைத் தூக்கி நிறுத்தும் ஒரே சீட்டு ஐந்துதான். அது கட்டில் இல்லை என்றால் டீலரின் காலில் ஒன்று உடைந்த மாதிரி.

1961 ஜனவரியில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தார். செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. பத்தாயிரம் டாலர் முதலீட்டோடு இரண்டு பணக்காரச் சூதாடிகள் அவரை லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்குக் கூட்டிப் போனார்கள். சில நாளில் அது இருமடங்குக்கு மேல் ஆனது. 1962-இல் அவர் எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது.

இன்று பரவலாக இருக்கும் எண்ணும் முறை அதைவிட எளிது. 2 முதல் 6 வரை எது வந்தாலும் ஒன்று கூட்டு. 10, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்று கழி. 7, 8, 9 வந்தால் விட்டுவிடு. மேசையில் 5, 3, ராஜா, 6, ஏஸ், 9, 4 என்று விழுந்தால் கணக்கு கூட்டல் இரண்டு. 52 சீட்டையும் கைவிரலைத் தொடாமல் எண்ணிச் சொன்னால் கடைசியில் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். வீட்டில் ஒரு கட்டை எடுத்துச் செய்து பாருங்கள், நினைவாற்றல் எதுவும் தேவையில்லை, கவனம் சிதறாமல் இருந்தால் போதும். கூட்டல் ஏற ஏற, சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டன, மிச்சத்தில் பெரியவை நிறைய இருக்கின்றன என்று அர்த்தம்.

பெரிய சீட்டு டீலருக்கும்தானே வரும் என்று கேட்கலாம். வரும். ஆனால் டீலருக்குப் பிளாக்ஜாக் வந்தால் நீங்கள் இழப்பது ஒரு மடங்கு, உங்களுக்கு வந்தால் ஒன்றரை. 15-இல் மாட்டிக்கொண்டால் நீங்கள் நிற்கலாம், டீலர் எடுத்தே ஆகவேண்டும், வருவது பத்து. தவிர, டபுள் செய்யும் உரிமை உங்களுக்கு மட்டும்தான்.

இதில் எவ்வளவு லாபம் என்று கேட்டால் சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆறு கட்டு ஆட்டத்தில் உங்கள் கணக்கு கூட்டல் எட்டு, இன்னும் நான்கு கட்டு மிச்சம் என்றால், எட்டை நான்கால் வகுக்க வேண்டும். நிஜ மதிப்பு இரண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆட்டம் சுமார் அரை சதவீதம் உங்கள் பக்கம் நகரும். தொடக்கத்தில் அரை சதவீதம் பின்னால் இருந்தீர்கள். ஒரு புள்ளி அதைச் சரிக்கட்டப் போய்விட்டது. இரண்டாவது புள்ளியில்தான் அரை சதவீதம் லாபம். 100 ரூபாய்க்கு 50 பைசா, அதுவும் சராசரியில். அந்த நேரம் பார்த்துப் பந்தயத்தைப் பல மடங்கு ஏற்றினால்தான் மொத்தத்தில் ஏதாவது தேறும். அப்படி ஏற்றுகிறவரைத்தான் மேற்பார்வையாளர் முதலில் கவனிப்பார்.

விடுதிகள் சும்மா இருக்கவில்லை. 1964 ஏப்ரல் 1 அன்று லாஸ் வேகஸ் விடுதிகள் சேர்ந்து விதியை இறுக்கின: ஏஸைப் பிரிக்கக் கூடாது, 11-இல் மட்டும்தான் டபுள். சில வாரத்தில் மேசைகள் காலியாகின, பழைய விதியே திரும்பி வந்தது. அவர்கள் பயந்திருக்கவே வேண்டாம். பிளாக்ஜாக்கை ஜெயிக்கலாம் என்று ஒரு பேராசிரியரே சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தவர்களில் பெரும்பாலோர் எண்ணவும் தெரியாதவர்கள், அட்டவணையையும் முழுக்கப் படிக்காதவர்கள். ஜெயிக்க முடியும் என்ற வதந்தியைவிட நல்ல விளம்பரம் ஒரு சூதாட்ட விடுதிக்கு எங்கே கிடைக்கும்?

நிஜமாகவே எண்ணத் தெரிந்தவர்களை என்ன செய்வது என்பது தனித் தலைவலி. மனதுக்குள் கணக்குப் போடுவது அமெரிக்காவில் எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. கருவி வைத்துக்கொண்டு எண்ணுவதை மட்டும் நெவாடா 1985-இல் குற்றமாக்கியது. ஆனால் அங்கே விடுதி என்பது தனியார் இடம், பிடிக்காதவரை வெளியே போகச் சொல்லலாம். மற்ற எந்த ஆட்டமும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம் என்று தோளைத் தொட்டுச் சொல்வார்கள். இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் கென் அஸ்டன், பசிபிக் பங்குச்சந்தையில் துணைத்தலைவராக இருந்துவிட்டுச் சீட்டாட வந்தவர். அட்லாண்டிக் சிட்டியில் அவரை வெளியேற்றியது செல்லாது, எண்ணுகிறவர்களை விலக்கும் அதிகாரம் விடுதிக்குத் தானாகக் கிடையாது என்று 1982-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் அங்கே அதுதான் நிலைமை. அதற்காக விடுதிகள் அழவில்லை. கட்டுகளைக் கூட்டினார்கள், எந்த இடம் வந்ததும் மறுபடி கலைப்பது என்று காட்டும் கட் கார்டை முன்னால் தள்ளினார்கள், சந்தேகம் வந்தால் பாதியிலேயே கலைத்தார்கள்.

அதற்கும் மேலே ஒன்று, தானியங்கிக் கலைப்பு இயந்திரம். ஒவ்வொரு கை முடிந்ததும் சீட்டுகளை அதற்குள்ளேயே திருப்பிப் போட்டுவிடுவார்கள். கட்டுக்கு ஞாபகமே இல்லாமல் போயிற்று. எண்ணத் தெரியாத சாதாரண ஆட்டக்காரருக்கும் இதில் நட்டம் உண்டு என்பதுதான் வேடிக்கை. ஒரு கைக்கான வாய்ப்பில் அவருக்குப் பாதகம் ஒன்றுமில்லை. ஆனால் டீலர் கலைக்கும் நேரம் மிச்சமாகிறது, மணிக்கு அதிகக் கைகள் ஓடுகின்றன. மெதுவாக ஒழுகிய குழாயைக் கொஞ்சம் திருகிவிட்டார்கள்.

ஆனால் மிகப் பெரிய மாற்றம் இயந்திரத்தில் வரவில்லை, மேசைத் துணியில் அச்சடித்த ஒரு வரியில் வந்தது. பழைய மேசைகளில் பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2 என்று வளைவாக எழுதியிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸில் 6-க்கு 5 என்று எழுதிய மேசைகள் பரவத் தொடங்கின. முதலில் ஒற்றைக் கட்டு மேசைகளில் வைத்தார்கள். ஒற்றைக் கட்டு என்றால் ஆட்டக்காரருக்கு நல்லது என்று கேள்விப்பட்டவர்கள் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். ஆறும் ஐந்தும் மூன்றையும் இரண்டையும்விடப் பெரிய எண்கள் வேறு. 1,000 ரூபாய்க்கு 1,500 வந்த இடத்தில் இப்போது 1,200. அந்த 300 ரூபாய் ஒவ்வொரு பிளாக்ஜாக்கிலும் போகிறது. 100 கையில் நாலரை தடவை என்று வைத்தால் 1,350. மொத்தப் பந்தயம் ஒரு லட்சம், அதில் 1.35 சதவீதம். ராணுவத்தினர் ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து சம்பாதித்துக் கொடுத்ததில் பெரும் பங்கு இல்லை என்றாலும், மிச்சமிருந்த அரை சதவீதத்தை இது ஏறக்குறைய நான்கு மடங்காக்குகிறது. டீலர் 17-இல் ஏஸை 11 என்று எண்ணி நிற்பதற்குப் பதிலாக, அந்த 17-க்கு இன்னொரு சீட்டு எடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அதற்கும் 0.2 போல போகும். ஜோடி விழுமா, மூன்று சீட்டு சேருமா என்ற பக்கப் பந்தயங்களில் விடுதியின் பங்கு இவற்றையெல்லாம்விடப் பல மடங்கு. எனவே உட்காருவதற்கு முன் சீட்டைப் பார்க்க வேண்டாம், துணியைப் படியுங்கள்.

இதெல்லாம் சராசரிக் கணக்கு. மேசையில் சராசரி கண்ணுக்குத் தெரியாது. கைக்கு 500 ரூபாய் வைத்து மணிக்கு 70 கை ஆடினால் 35,000 ரூபாய் பந்தயத்தில் சுழல்கிறது. நன்றாக ஆடினால் எதிர்பார்க்க வேண்டிய நட்டம் 175 ரூபாய். ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் அதிர்ஷ்டம் உங்களை மேலேயும் கீழேயும் ஆட்டும் அளவு சுமார் 4,800 ரூபாய். 175 அதற்குள் எங்கே தெரியும்? தப்பாக ஆடியவர் 5,000 ஜெயித்து எழுந்திருப்பார், அட்டவணைப்படி ஆடியவர் 6,000 தோற்று எழுந்திருப்பார். முதல் ஆள் ஊருக்கு வந்து கதை சொல்வார். எண்ணத் தெரிந்தவர்களுக்கும் இதே ஆட்டம்தான். தனி ஆளின் பணம் தாங்காது என்பதால்தான் 1970-களில் ஆல் ஃபிரான்செஸ்கோ என்ற ஆட்டக்காரரும், பிறகு எம்.ஐ.டி. மாணவர்களும் குழுவாகப் பணம் போட்டு ஆடினார்கள். சிலர் சின்னப் பந்தயம் கட்டிக்கொண்டு எண்ணுவார்கள். கணக்கு ஏறியதும் சைகை காட்டுவார்கள். பணக்கார வேஷத்தில் ஒருவர் வந்து பெரிய பந்தயம் வைப்பார்.

தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதி கிடையாது. நம் ஆட்கள் இந்த மேசையைப் பார்ப்பது கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பல்களில், கொழும்பில், மலேசியாவின் கெந்திங் மலையில், சிங்கப்பூரில். இங்கேயெல்லாம் விதியை மட்டும் படித்தால் போதாது, வாசலிலேயே வேறு கணக்கு தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் சிப்ஸ் வாங்கக் கொடுக்கும் தொகையின் மீது 2023 அக்டோபரில் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது, 2025 செப்டம்பரில் அது 40 ஆயிற்று. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி, அதில் நேற்றுத் தோற்றதைக் கழிக்க முடியாது. 0.5 சதவீதத்துக்காக அட்டவணை மனப்பாடம் செய்தவர் இதைக் கேட்டால் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடுவார். சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்ட வேண்டும், 2019 வரை அது 100. கைக்கு 25 வெள்ளி வைத்து நன்றாக ஆடுகிறவரின் எதிர்பார்ப்பு நட்டம் மணிக்கு எட்டே முக்கால் வெள்ளி. நுழைவுக் கட்டணம் மட்டும் பதினேழு மணி நேர ஆட்டத்துக்குச் சமம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு அந்தக் கட்டணம் இல்லை.

கலிபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் பரோனா என்ற விடுதி இருக்கிறது. பிளாக்ஜாக் மேதைகளுக்கான கௌரவக் கூடம் அங்கேதான். தார்ப், அஸ்டன், ஃபிரான்செஸ்கோ எல்லோர் பெயரும் அதில் உண்டு. அபர்டீன் நால்வரையும் 2008-இல் சேர்த்தார்கள். பெயர் சேர்ந்தவர்களுக்கு விடுதி வாழ்நாள் முழுக்க இலவசமாக அறை, சாப்பாடு, குடிக்க வேண்டியது எல்லாம் கொடுக்கும். நிபந்தனை ஒன்றுதான்: பரோனாவின் மேசையில் ஒருநாளும் உட்காரக் கூடாது.